தவறின் விலை, விடையின் வேகம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டுக்கு ஆள் வருவதற்கு முன்பே டிபன் கடைகளில் கல் காய்ந்துவிடும். 1949ல் டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கே வந்தது. 1960களில் தொழிற்பேட்டையும், பாடியின் ஆலைகளும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் அடுத்தடுத்து எழுந்தன. வீட்டுச் சாப்பாட்டுக்கு வழியில்லாத ஆயிரக்கணக்கானவர்கள் சென்னையின் மேற்கு ஓரத்தில் வந்து தங்கினார்கள். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் தந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். நாலைந்து லேத் ஓடும் சின்னப் பட்டறைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் பசியாற்றியவை தெருவோர மெஸ்களும் டிபன் சென்டர்களும் பிரியாணிக் கடைகளும்தான். அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை, குமணன்சாவடியிலிருந்து பூந்தமல்லி ட்ரங்க் ரோடு நெடுக, இன்றும் அப்படித்தான்.

ஆக, இந்த வட்டாரத்தில் இரண்டு பள்ளிகள் எதிரெதிரே நடக்கின்றன. பட்டறையில் டர்னர், ஃபிட்டர் வேலை கற்க 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. பாடத்திட்டம், உதவித்தொகை, தேர்வு, சான்றிதழ் எல்லாம் உண்டு. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்க மைக்ரோமீட்டர் உண்டு. எதிர்ச்சாரியில் உள்ள ஓட்டல் அடுக்களையில் தராசைக்கூட எப்போதாவதுதான் எடுப்பார்கள். ஊரிலிருந்து வந்த பையன் ஒருவன் வெங்காயம் உரிக்க உட்காருகிறான். சில ஆண்டுகளில் கல்லுக்கு முன்னால் நிற்கிறான். இன்னும் சில ஆண்டுகளில் அவனை எல்லோரும் ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுகிறார்கள். இன்று அந்தப் பையன் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவனாகவும் இருக்கலாம். சொல்லிக்கொடுப்பவருக்கு அவன் மொழி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சில மாதங்களில் தோசை வட்டமாக வந்துவிடுகிறது.

வேதியியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலன்யி, ஒருவரின் திறமையில் பெரும்பகுதி சொல்லுக்குள் அடங்காது என்று 1966ல் வெளியான நூலில் வாதிட்டார். அடுக்களைக்கு அது அப்படியே பொருந்தும். அதற்காக அந்தத் திறமையை ஆராயவே முடியாது என்று விட்டுவிட வேண்டியதில்லை. ஓட்டல் சமையல் கற்பதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் காய் வெட்டு, பிறகு கல், அதன் பிறகு குழம்பு, மாவு, கடைசியில் அண்டா. இந்த வரிசையை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஆனால் அதற்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. செய்த தவறுக்கு எவ்வளவு செலவாகும், செய்தது சரியா தவறா என்பது எவ்வளவு சீக்கிரம் தெரியும் என்ற இரண்டு அளவுகளை வைத்து அதை விளக்கிவிடலாம்.

கல்லின் மேல் ஒரு கை தண்ணீர்

தோசை ஊற்றுவதற்கு முன் மாஸ்டர் கல்லின் மேல் ஒரு கை தண்ணீர் தெளிப்பார். தென்னந்துடைப்பத்தால் ஒரே இழுப்பில் அதை வழித்துத் தள்ளுவார். இரண்டு மூன்று நொடி வேலை. அதற்குள் ஓர் அளவீடும் ஒரு திருத்தமும் முடிந்துவிடுகின்றன.

அளவீட்டை முதலில் பார்ப்போம். 100 டிகிரியைச் சற்றே தாண்டிய இரும்பில் விழுந்த தண்ணீர் பரவி, மெதுவாகக் குமிழியிட்டு வற்றும். சூடு ஏற ஏற, ‘சுர்’ரென்ற சத்தத்தோடு சட்டென்று மறையும். 200 டிகிரி வாக்கில் நிலைமை தலைகீழாகிறது. துளியின் அடிப்பகுதி தொட்டவுடன் ஆவியாகி, அந்த ஆவிப் படலமே மீதித் துளியைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆவி வழியாக வெப்பம் சரியாகக் கடக்காது. அதனால் துளி வற்றாமல் கல்லின் மேல் உருண்டு ஓடும். ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் யோஹான் கோட்லோப் லைடன்ஃப்ராஸ்ட், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் தண்ணீர் விட்டுப் பார்த்து, 1756ல் இதை எழுதிவைத்தார். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சத்தம், ஓர் அசைவு உண்டு. மாஸ்டரின் காதும் கண்ணும் அதைப் பிடித்துக்கொள்கின்றன.

அடுத்தது திருத்தம். அரிசி மாவிலுள்ள ஸ்டார்ச் சுமார் 70 டிகிரியில் தண்ணீரை உறிஞ்சி ஊதிக் கெட்டிப்படத் தொடங்கும். கல் மிதமிஞ்சிக் காய்ந்திருந்தால், ஊற்றிய மாவு கரண்டி சுழல்வதற்குள் இறுகிவிடும். இழுத்தால் கிழியும், திட்டுத்திட்டாகச் சுருளும். பத்துக் கிலோ எடையுள்ள கல்லில் 20 மில்லி தண்ணீர் முழுதாக ஆவியானால், சுமார் 51,000 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கல் முழுக்கப் பரப்பிக் கணக்கிட்டால் இது 11 டிகிரி இறக்கம். மேற்பரப்பில் ஒரு கணம் இறக்கம் இதைவிட அதிகமாகவே இருக்கும். மாவைத் தேய்த்துப் பரப்ப அந்தக் கணம் போதும். பிறகு இரும்பின் உள்ளிருக்கும் சூடு மேலே ஏறி வரும். மாவின் ஈரம் வற்றிய இடங்களில் வெப்பம் 140 டிகிரியைத் தாண்டும்போது புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் பிறக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மெய்யார் 1912ல் விவரித்த வினை இது.

‘கல்லு காஞ்சிருச்சு தம்பி, தண்ணி தெளி’ என்பதைத் தவிர மாஸ்டர் வேறெதையும் விளக்கிச் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம். எந்தச் சத்தத்துக்குப் பிறகு ஊற்றிய மாவு கிழிந்தது, எந்தச் சத்தத்துக்குப் பிறகு ஊற்றியது மெலிதாகப் பரவியது என்று பையன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஓரிரு நிமிடத்தில் விடை வந்துவிடுகிறது. கிழிந்த தோசைக்கு ஆன செலவு ஒரு கரண்டி மாவு. சுரண்டித் தள்ளிவிட்டு அடுத்ததை ஊற்றலாம்.

அறுபதாயிரம் தோசை

ஒருவர் நாளைக்கு 200 தோசை வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 60,000 தோசை. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்குப் பத்து என்று தோசை வார்க்கும் வீட்டில் இந்த எண்ணிக்கையைத் தொட ஏறக்குறைய 58 ஆண்டுகள் ஆகும். வீட்டுக் கையும் ஓட்டல் கையும் வேறுபடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இத்தனை முறை செய்யும்போது தலைக்குள் என்ன நடக்கிறது? பிடரிப் பக்கம் இருக்கும் சிறுமூளை, கை அசைவின் விளைவை முன்கூட்டியே கணிக்கிறது. கணித்தது ஒன்றாகவும் நடந்தது வேறாகவும் இருந்தால் அந்த வேறுபாடு ஒரு பிழைச் செய்தியாக வந்து சேர்கிறது. சிறுமூளையிலுள்ள பர்கின்ஜி செல் ஒவ்வொன்றுக்கும் லட்சத்துக்கு மேற்பட்ட மெல்லிய இழைகள் புலன் செய்திகளைக் கொண்டுவருகின்றன. அவற்றோடு ஒரே ஒரு தடித்த இழை வந்து பின்னிக்கொள்கிறது. பிழைச் செய்தியைக் கொண்டுவருவது அந்த ஒற்றை இழைதான் என்ற கோட்பாட்டை டேவிட் மார் 1969லும் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971லும் வளர்த்தார்கள். இந்த இரண்டு செய்திகளும் சேர்ந்து வரும்போது இணைப்புகளின் வலு நீண்ட நேரத்துக்குக் குறைவதை ஜப்பானிய விஞ்ஞானி மசாவோ இட்டோவின் குழு 1982ல் சோதனையில் காட்டியது. பிழை செய்யாத கைக்குத் திருத்திக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை. கிழிந்த தோசை ஒவ்வொன்றும் பாடம்தான்.

எண்ணிக்கை கூடக் கூடத் திறமை எப்படி வளர்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. பிரிட்டிஷ் ஆய்வாளர் கிராஸ்மேன் 1959ல் சுருட்டு ஆலைத் தொழிலாளர்களின் வேகத்தை ஆராய்ந்தார். லட்சக்கணக்கான சுருட்டுகளுக்குப் பிறகும் வேகம் கூடிக்கொண்டே போனது. ஆனால் கூடும் அளவு சிறுத்துக்கொண்டே வந்தது. முதல் ஆயிரத்தில் கிடைக்கும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். ஐம்பதாயிரத்துக்கு மேல் கிடைப்பதைக் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். நல்ல மாஸ்டருக்கும் சுமாரான மாஸ்டருக்கும் உள்ள இடைவெளி அந்தக் கூர்மையில் இருக்கிறது.

வெறும் எண்ணிக்கையும் போதாது. ‘ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு ஊத்தப்பம், ஒரு ஆனியன் ரவா’ என்று சப்ளையர் குரல் கொடுக்கும்போது கல்லில் நிற்பவர் மூன்று வகை மாவையும் மூன்று வகைச் சூட்டையும் மாற்றி மாற்றிக் கையாள வேண்டும். 1979ல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள், வெவ்வேறு கை அசைவுகளைச் சிலருக்கு ஒவ்வொன்றாகவும் சிலருக்குக் கலந்தும் பழக்கினார்கள். பயிற்சியின்போது கலந்து பழகியவர்களே தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது அவர்களே முந்தினார்கள். ஓட்டலில் ஆர்டர் வரும் ஒழுங்கற்ற வரிசை தானாகவே அந்தக் கலவைப் பயிற்சியைக் கொடுத்துவிடுகிறது.

மாலையில் பரோட்டாக் கல்லில் நடப்பதும் இதே பாடம்தான். இங்கே விடை கைக்கே நேராக வருகிறது. மைதாவில் தண்ணீர் சேர்த்துப் பிசையும்போது குளூட்டனின், கிளையாடின் என்ற இரு புரதங்கள் வலையாகப் பின்னிக்கொள்கின்றன. முதலாவது இழுத்தால் திரும்ப இழுக்கும், இரண்டாவது இழுத்த பக்கம் நகர்ந்து கொடுக்கும். பிசைந்தவுடன் வலை விறைப்பாக இருக்கும். அப்போது தட்டினால் மாவு சுருங்கும், வீசினால் கிழியும். ஈரத்துணி போட்டு மூடிவைத்தால் விறைப்பு தளரும். உருண்டை பிடிக்கும்போதே பரோட்டா மாஸ்டரின் விரல் அந்தத் தளர்ச்சியைப் படித்துவிடுகிறது. உருண்டைகளின் எடையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். எடை வேறுபாட்டைக் கை உணர்வது விகிதக் கணக்கில்தான் என்று எர்ன்ஸ்ட் வெபர் 1834ல் கண்டறிந்தார். தூக்கிப் பார்த்த எடைகளில் நாற்பதில் ஒரு பங்கு வேறுபாடு வரை அவரது சோதனையில் பிடிபட்டது. தராசு இல்லாத மேசையில் ஒரே அளவு உருண்டைகள் வரிசையாக வந்து விழுவதற்கு அந்த உணர்வும் பழக்கமும்தான் காரணம்.

மறுநாள் காலையில் தெரியும் விடை

மாவரைப்பது பார்வைக்கு எளிய வேலை. கிரைண்டர் சுற்றுகிறது, தண்ணீர் விட்டுத் தள்ளிவிட வேண்டியதுதான். ஆனாலும் மாவுப் பொறுப்பைப் புதியவனிடம் கொடுக்க எந்தக் கடையும் யோசிக்கும்.

உளுந்தோடு வரும் நுண்ணுயிரிகள்தான் மாவைப் புளிக்க வைக்கின்றன. அவற்றில் முக்கியமானது லூகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியா. இட்லி மாவை உப்ப வைப்பதில் அதன் பங்கை 1965ல் வெளியான ஆய்வு ஒன்று நிறுவியது. அது சர்க்கரையை உடைத்து லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்குகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. உளுந்தின் புரதமும் வழுவழுப்பான பசையும் வாயுவைச் சிறைபிடித்து மாவைப் பொங்க வைக்கின்றன. இந்த வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. சென்னையில் மே மாத இரவு 28 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக இறங்காது. மார்கழியில் 21, 22 வரை இறங்கும். மே மாதத்தில் நள்ளிரவிலேயே பொங்கி வழியும் மாவு, மார்கழியில் விடிந்தும் கனமாகக் கிடக்கும். அதனால் அரைக்கும் நேரமும், உப்புப் போடும் நேரமும், ஊறவைக்கும் தண்ணீரின் குளிர்ச்சியும் மாதத்துக்கு மாதம் மாறும்.

இங்கே தவறின் விடை எட்டுப் பத்து மணி நேரம் கழித்து வருகிறது. இட்லி கல்லாகிப்போனால் அதற்குக் காரணம் உளுந்தா, தண்ணீரா, உப்பா, இரவுக் குளிரா என்று பிரித்தறிவது கடினம். ஒரு நாளைக்கு ஒரு முயற்சிதான். ஆண்டுக்கு 300 விடைகள். கல்லில் நிற்பவனுக்கு அது ஒன்றரை நாள் பாடம்! மாவு பழக ஒரு முழு ஆண்டின் பருவங்களையும் பார்த்தாக வேண்டும் என்று பழைய கைகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அண்டாவின் கணக்கு

வரிசையின் கடைசியில் பிரியாணி அண்டா. வீட்டில் ஒரு கிலோ பிரியாணியைப் பிரமாதமாகச் செய்பவர், 25 கிலோ அண்டாவின் முன்னால் திணறிப்போவார். எல்லாவற்றையும் 25ஆல் பெருக்கினால் போதும் என்ற எண்ணம்தான் அவரைக் கவிழ்க்கிறது.

பாத்திரத்தின் அகலமும் உயரமும் இரண்டு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்காகும், மேற்பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். ஆவி வெளியேறுவதும் சூடு இறங்குவதும் மேற்பரப்பு வழியாகத்தான். ஆகவே ஒரு கிலோ அரிசியின் பங்குக்கு ஆவியாகும் தண்ணீர் பாதியாகக் குறைகிறது. வீட்டு அளவில் தண்ணீர் வைத்தால் அண்டாவில் சோறு குழையும். சூடும் அப்படியே. அடுப்பை அணைத்தபின் சின்னப் பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும். அண்டா மணிக்கணக்கில் உள்ளேயே வேகும். அந்த வேக்காட்டையும் முன்கூட்டியே கழித்துக்கொண்டு அரிசியை இறக்க வேண்டும்.

அதனால்தான் வடித்து தம் போடும் மாஸ்டர்கள் அரிசியை முக்கால் பதத்தில் எடுக்கிறார்கள். கொதிக்கும் உலையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கிப் பார்ப்பார்கள். வெந்த ஸ்டார்ச் ஒளியை ஊடுருவ விடும், வேகாதது சிதறடிக்கும். நசுங்கிய பருக்கையின் ஓரம் கண்ணாடித்தன்மையோடும், நடுவில் வெள்ளைப் பொட்டாகவும் தெரிந்தால், நடுப்பகுதி இன்னும் முழுதாக வேகவில்லை என்று பொருள். மிச்சம் இருக்கும் அந்தப் பொட்டுதான் தம்மில் வேக வேண்டிய பங்கு. அதன் அகலத்தைப் பார்த்து, ‘வடி’ என்ற ஒரு சொல்லில் மாஸ்டர் முடிவெடுக்கிறார். சீரக சம்பாவுக்கு அந்தப் பொட்டின் அளவு வேறு, பாஸ்மதிக்கு வேறு.

மூடியைப் போட்டு தம் வைத்த பிறகு திருத்த வழியில்லை. உள்ளே 25 கிலோ அரிசியும் ஏறக்குறைய அதே அளவு கறியும். இருநூறு பேருக்கு மேல் சாப்பாடு. நாளைக்கு ஓரிரு அண்டாதான் என்பதால் விடையும் அரிது, தவறின் செலவோ மலையளவு. ஏணியின் உச்சியில் அண்டா நிற்பதற்கு இந்த இரண்டும் போதுமான காரணங்கள்.

மன்ரோவியாவின் தையற்காரர்கள்

இது தமிழ்நாட்டு அடுக்களைக்கு மட்டும் உரியதா? 1970களில் அமெரிக்க மானுடவியலாளர் ஜீன் லேவ், மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியாவின் மன்ரோவியாவில் தையல் கற்கும் இளைஞர்களைக் கவனித்தார். அவர்களுடைய வரிசை தலைகீழாக இருந்தது. பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது, இஸ்திரி போடுவது என்று உடையின் கடைசி வேலைகளைத்தான் முதலில் கற்றார்கள். பிறகு தையல். துணி வெட்டுவது கடைசி. கோணலாகத் தைத்ததைப் பிரித்துத் தைக்கலாம், கோணலாக வெட்டியதை ஒட்ட முடியாது. முடிந்த உடையைப் பலநாள் கையாண்டவனுக்கு எந்தத் துண்டு எங்கே சேரும் என்பது வெட்டத் தொடங்கும் முன்பே தெரிந்திருக்கும். எட்டியென் வெங்கரோடு சேர்ந்து 1991ல் வெளியிட்ட நூலில் லேவ் இதை ஒரு பொதுக் கோட்பாடாக வளர்த்தார். ஓரத்தில் நின்று சின்ன வேலை செய்பவர், அந்த வேலைக்குள் நின்றபடியே முழுமையைக் கற்றுக்கொள்கிறார்.

வெங்காயம் வெட்டும் பையனும் அப்படித்தான். சால்னாவுக்கு எந்த வெட்டு, ஊத்தப்பத்துக்கு எந்த வெட்டு என்று கற்கும்போதே, எது எவ்வளவு நேரம் வதங்கும், எந்தக் கட்டத்தில் மாஸ்டர் தக்காளி கேட்பார் என்பதும் அவன் மனதில் பதிகிறது. அடுப்பைத் தொடும் நாளுக்கு முன்பே குழம்பின் காலக்கணக்கு அவனுக்குப் பழகியிருக்கும்.

பள்ளியைச் செம்மையாக்க

இந்தப் பள்ளியைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அதன் குறைகளும் அறிவியலால் அளக்கக் கூடியவை. விடிகாலையில் மாவுக்கும் சாம்பாருக்கும் எழுந்து, இரவு கடைசிப் பரோட்டா போன பிறகு படுக்கும் உதவியாளுக்குத் தூக்கம் ஐந்து மணி நேரம் கிடைத்தாலே பெரிது. கை பழகியதை மூளை உறுதிப்படுத்திக்கொள்வது பெரும்பாலும் தூக்கத்தில்தான். 2002ல் மேத்யூ வாக்கரும் சக ஆய்வாளர்களும், ஒரு விரல் அசைவு வரிசையைப் பழகியவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்தபின் சுமார் 20 சதவீதம் வேகமாகச் செய்ததைப் பதிவு செய்தார்கள். அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. தூக்கத்தைப் பறிக்கும் வேலைநேரம் உடலை வருத்துவதோடு பகலில் கற்றது படிவதையும் கெடுக்கிறது.

விடை தாமதமாகும் வேலைகளில் கருவி பெரிய உதவி. மாவுப் பாத்திரத்தில் ஒரு வெப்பமானி, அரைத்த நேரத்தையும் பொங்கிய உயரத்தையும் குறித்துவைக்க ஒரு நோட்டு. இவ்வளவு போதும். ஓராண்டில் கிடைக்கும் 300 விடைகளில் எந்தக் காரணத்துக்கு எந்த விளைவு என்று பிரித்துப் பார்க்க அது வழிசெய்யும். கருவி வந்தால் கை மழுங்கிவிடும் என்ற பயம் தேவையில்லை. பட்டறையில் மைக்ரோமீட்டரால் அளந்து பழகிய டர்னர், காலப்போக்கில் தொட்டுப் பார்த்தே தேய்மானத்தைச் சொல்லிவிடுகிறார். சான்றிதழும் முக்கியம்தான். ஐ.டி.ஐ.களில் ‘ஃபுட் புரொடக்ஷன் (ஜெனரல்)’ என்று ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. அடுக்களையில் பத்தாண்டு நின்றவரின் கையையும் அதற்குச் சமமாக எடைபோட்டு மதிக்கும் வழி பரவலாக வேண்டும். அந்தக் கைக்குள் இருப்பது வெப்ப இயற்பியலும் நுண்ணுயிரியலும்தான் என்று இந்த அத்தியாயம் காட்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி, தவறின் செலவை யார் ஏற்பது என்பது. கருகிய ஊத்தப்பத்தையும் குழைந்த சோற்றையும் கடை தன் கணக்கில் எழுதிக்கொண்டால், பையன் துணிந்து கல்லுக்கு வருவான், பிழைகளைப் பார்ப்பான், திருத்திக்கொள்வான். அதை அவன் சம்பளத்தில் பிடித்தால், தெரிந்த வேலையை மட்டும் செய்துகொண்டு வெங்காய மூட்டைக்குப் பக்கத்திலேயே இருந்துவிடுவான். நல்ல மாஸ்டர் கிடைப்பதில்லை என்று வருந்தும் கடைக்காரர் முதலில் சரிபார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.